தேங்காய் உரிக்க ஒரு நிற்கும் சட்டம்

மல்லிகா, ராசு, நீங்கள் இருவரும் நான் பார்த்த வேலைக்கே வந்துவிட்டீர்கள். மல்லிகா மதுரையில் நோயாளிகளை நிற்கவும் நடக்கவும் பழக்குகிறாள். ராசு திருச்சியில் பட்டறையில், பலமில்லாத காலைத் தாங்க மாட்டும் இரும்புக் காலிபர் செய்கிறான். உங்களோடு புதிதாகச் சேர்ந்திருக்கிற பிள்ளைகளும் இதைப் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். உங்கள் புத்தகத்தில் முதுகெலும்புக்கு வரிசையாக நம்பர் போட்டு, எந்த நம்பரில் அடிபட்டால் உடம்பில் எது போகும் என்று படம் போட்டிருக்கிறார்கள். எங்கள் காலத்தில் அது டாக்டருக்கு மட்டும் தெரிந்த சங்கதி. எனக்குத் தெரிந்ததெல்லாம் வந்த ஆட்களிடமிருந்து தெரிந்துகொண்டது. அதிலும் பாதி, நான் செய்த தவறு சொல்லிக்கொடுத்தது.

இரும்பை எப்படி வளைப்பது, தோலை எப்படி ஊறவைப்பது என்றெல்லாம் எழுதப் போவதில்லை. அது பழகப் பழகக் கைக்கு வந்துவிடும். யாருக்கு எதைக் கொடுப்பது, எதைக் கொடுக்காமல் இருப்பது என்பது அப்படி வராது. அதற்கு ஒரே ஓர் ஆளைப் பற்றிச் சொல்கிறேன்.

புதுக்கோட்டை அப்போது திருச்சி ஜில்லாவில் இருந்தது. நான் சைக்கிள் கடையில் ரிம்முக்குக் கோட்டம் எடுத்துக்கொண்டிருந்தேன். ஊருக்கு வெளியே சின்னதாக ஒரு தர்ம ஆஸ்பத்திரி இருந்தது. இளம்பிள்ளை வாதம் வந்த குழந்தைகளுக்குக் காலிபர் செய்ய அங்கே ஒரு கொட்டகை போட்டார்கள். இரும்பு தெரிந்த ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். சேர்ந்த முதல் ஏழெட்டு வருஷம் நான் பார்த்ததெல்லாம் குழந்தைகள்தான். கால் சூம்பியிருக்கும், ஆனால் தொட்டால் தெரியும், கிள்ளினால் அழும். காலிபரை மாட்டிவிட்டு முகத்தைப் பார்ப்பேன். முகம் சுளித்தால் பட்டை அழுத்துகிறது. அழுதால் எங்கேயோ குத்துகிறது. கழற்றி, தட்டி, மறுபடி மாட்டுவேன். குழந்தை அழாமல் என் மீசையைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தால் வேலை முடிந்தது என்று அர்த்தம். அளவு நாடா பொய் சொன்னாலும் குழந்தையின் முகம் பொய் சொல்லாது என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இந்தப் பழக்கத்தோடு இருந்தவனிடம்தான் சின்னையா வந்து சேர்ந்தார்.

ஆலங்குடிப் பக்கம் ஒரு தோப்பில் தேங்காய் வெட்டுகிறவர். முப்பது வயதிருக்கும். மழை ஈரத்தில் கால் வழுக்கி உச்சியிலிருந்து விழுந்து முதுகெலும்பு நொறுங்கிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்துவிட்டு, எலும்பு கூடியபிறகு எங்களிடம் அனுப்பினார்கள். இடுப்புக்கு மேலே மனிதர் தேக்குக் கட்டை. கட்டிலின் கம்பியைப் பிடித்து ஒரே இழுப்பில் எழுந்து உட்காருவார். தொடையிலிருந்து கீழே அசைவும் கிடையாது, உணர்ச்சியும் கிடையாது.

கூடவே அவர் மனைவி பழனியம்மா. வாய்க்காரி. வந்த அன்றைக்கே என்னைக் கேட்டாள்.

"அண்ணே, தோப்பு மொதலாளி ஒரு வார்த்தை சொல்லியிருக்காக. சின்னையா நின்னான்னா காய் உரிக்கிற வேலை இருக்குன்னு. இவுக நிப்பாகளா மாட்டாகளா, அதை மட்டும் சொல்லுங்க."

"நிப்பாரும்மா. நடக்கவே வச்சிருவோம்."

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டேன் பாருங்கள். அவள் கேட்டது ஒன்று, நான் கொடுத்த பதில் வேறொன்று.

பெரிய டாக்டர் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அதிகம் பேசாதவர். "கை பலமா இருக்கு. இடுப்புப் பட்டையோட ரெண்டு காலுக்கும் நீளக் காலிபர் போட்டா நடக்கலாம். இல்லே, நிக்கிற சட்டமே போதுமா? ஆளோட பேசிப் பாத்துட்டுச் சொல்லு" என்றார். நிற்கும் சட்டம் என்பது மரத்தில் செய்தது. முழங்காலுக்கு முன்னால் ஒரு பலகை, பின்புறத்துக்கு ஒரு பட்டை, மனிதன் அதற்குள் நிற்கலாம், நகர முடியாது. எங்கள் கொட்டகை மூலையில் ஒன்று தூசி படிந்து கிடந்தது. நடக்கவே வழியில்லாதவர்களுக்கு, மார்புவரை மரத்துப் போனவர்களுக்கு, அதுதான் கதி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு பலசாலியை அதில் நிறுத்துவது அவமானம் என்று பட்டது. சின்னையாவிடம் ஒரு வார்த்தை பேசாமலே, "நடந்துருவாருங்க சார்" என்று டாக்டரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். டாக்டர் எழுதிவிட்டார்.

பதினைந்து நாள் உழைத்தேன். மாட்டிப் பார்த்தோம்.

"இங்கிட்டு வலிக்குதா?"

"இல்ல மேஸ்திரி."

"தொடையில?"

"ம்ஹூம்."

"கணுக்கால்ல?"

"சொகமா இருக்கு."

ஒரு தட்டுக்கூடத் தட்டாமல் முதல் தடவையிலேயே உட்கார்ந்த காலிபர் அதுதான். எனக்குத் தலைகால் புரியவில்லை. உணர்ச்சியே இல்லாத காலைப் பார்த்து வலிக்கிறதா என்று கேட்கிறேன், அவரும் மரியாதையாகப் பதில் சொல்கிறார். அதில் இருக்கிற கோளாறு எனக்குப் படவில்லை.

பழனியம்மாவுக்குப் பட்டிருக்க வேண்டும். அவர் கம்பிகளைப் பிடித்து நின்று பழகுகிறபோதெல்லாம் தொடைப் பட்டைக்குள் தன் கையை நுழைத்து வைத்துக்கொள்வாள்.

"என்னம்மா தேடுறே, பணம் கிணம் ஒளிச்சு வச்சிருக்காரா?" என்று கேட்டேன்.

"அவருக்குத்தான் அங்கிட்டு ஒண்ணும் தெரியாதே. என் கைக்கு நோவுதான்னு பாக்குறேன். நோவுது அண்ணே. இந்த ஓரத்தைக் கொஞ்சம் சீவி விடுங்க."

அவள் தொந்தரவு தாங்காமல் தொடைப் பட்டையின் ஓரத்தைச் சீவி, கம்பளி வைத்துத் தைத்தேன். அவளுக்காகச் செய்தேனே தவிர, ஏன் என்று யோசிக்கவில்லை. காலிபரின் அடியில் பொருத்திய பூட்ஸுக்குள் அவள் கை நுழையவில்லை. அது கயிறு கட்டி இறுக்கியது. நுழையாத இடத்தைப் பற்றி அவளும் கேட்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

ஒரு மாதம் போனது. கக்கத்துக் கட்டைகளை ஊன்றி, இரண்டு காலையும் சேர்த்துத் தூக்கிப் போட்டு நடக்கப் பழகிவிட்டார். தோப்புக்குச் சொல்லி அனுப்பினோம். முதலாளியின் கணக்கப்பிள்ளை நேரில் பார்க்க வந்தார். ஒல்லியான மனிதர், கையில் குடை. பெஞ்சில் உட்காரச் சொன்னாலும் உட்காராமல் நின்றார்.

சின்னையா எழுந்தார். காலை மடங்காமல் நிறுத்தும் முழங்கால் பூட்டுகள் இரண்டும் டக்கென்று விழுந்தன. கொட்டகையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தார். திரும்பி வந்தார். வேர்த்து ஊற்றியது. நர்ஸம்மா கைதட்டினார்கள். நான் கணக்கப்பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நல்லா நடக்குறான். நான் இல்லேங்கல" என்றார் அவர். "ஏப்பா சின்னையா, ரெண்டு கையும் கட்டையில இருக்கு. காயை எந்தக் கையால உரிப்பே?"

சின்னையா ஒரு கட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டு ஒரு கையை நீட்டப் பார்த்தார். உடம்பு ஒரு பக்கமாகச் சரிந்தது. நான் ஓடிப்போய்ப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தேன்.

பழனியம்மா குனிந்து பூட்ஸைக் கழற்றினாள். வெள்ளைக் காலுறையில், உள் கணுக்கால் எலும்பு இருக்கும் இடத்தில், ஓர் ஓட்டைக்காலணா அளவுக்குச் சிவப்பு. உறையை உரித்தால் தோல் கூடவே வந்தது.

"எப்பருந்து?" என்றேன்.

"எனக்கு எப்புடி மேஸ்திரி தெரியும்" என்றார் சின்னையா.

கணக்கப்பிள்ளை குடையை எடுத்துக்கொண்டார். கெட்டவர் இல்லை அவர். "அடுத்த வெட்டு வரைக்கும் எடம் இருக்கும். ரெண்டு மாசம் வச்சுக்குங்க. அதுக்கு மேல மொதலாளி வேற ஆளு போட்டுருவாரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

டாக்டர் புண்ணைப் பார்த்தார். "எலும்பைத் தொடலே. தொட்டா கால் போகும். அதுக்கு மேலே ஆளே போகலாம். ஆறுறவரைக்கும் இதை மாட்டக்கூடாது" என்றார். என்னை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

மறுநாள் காலையில் சின்னையா என்னைக் கூப்பிட்டார்.

"காலிபரைக் கொண்டாங்க. ஒத்தக் கையில உரிச்சுப் பழகுறேன்."

"புண்ணு ஆறட்டும்."

"ரெண்டு மாசந்தான் இருக்கு. நான் படுத்துக் கெடந்தா காய் உரியுமா?"

"மாட்டுனா புண்ணு பெருசாகும் சின்னையா."

"எனக்கு வலிக்கல. ஒங்களுக்கு எங்க வலிக்குது?"

பிள்ளைகளே, இந்தக் கேள்வி உங்களுக்கும் வரும். கேட்கிறவர் கோபத்தில் கேட்க மாட்டார், உயிர் போகிற அவசரத்தில் கேட்பார். பாவம், ஒரு மணி நேரம் மாட்டிக்கொள்ளட்டுமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. முதலில் தவறு செய்தவன் நான், இப்போது முடியாது என்று சொல்ல வேண்டியவனும் நானேதான். காலிபரைக் கொட்டகைப் பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியை டாக்டரிடம் கொடுத்துவிட்டேன். என்னிடம் இருந்தால் கொடுத்துவிடுவேன் என்று பயம். சின்னையா நான்கு நாள் என் பக்கம் திரும்பவில்லை. சாப்பிட்டீங்களா என்று கேட்டால் சுவருக்குப் பதில் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி ஆலங்குடிக்குப் போனேன். முன்பே போயிருக்க வேண்டிய இடம். தோப்பில் நாலு பேர் உரித்துக்கொண்டிருந்தார்கள். கூர்ப்பாரையைத் தரையில் நட்டு, அதன் முனையில் காயைக் குத்தி, இரண்டு கையாலும் அழுத்தித் திருப்பி மட்டையைப் பிளக்கிறார்கள். நான் ஓர் ஓரமாக உட்கார்ந்து அவர்கள் காலை மட்டும் பார்த்தேன். கால் எங்கேயும் போகவில்லை. காயை ஒருத்தி எடுத்துப் போடுகிறாள், உரித்ததை இன்னொருத்தி அள்ளுகிறாள். உரிக்கிறவன் காலையிலிருந்து ஒரே இடம். பலமெல்லாம் தோளிலும் முதுகிலும். கால் சும்மா தூண்போல நிற்கிறது.

நானும் ஒரு காயை வாங்கிக் குத்திப் பார்த்தேன். மட்டை விடவில்லை. கணக்கப்பிள்ளை பின்னால் வந்து நின்றார்.

"என்ன மேஸ்திரி, காயோட சமாதானம் பேசுறீங்களா?"

"இந்த வேலைக்கு நடக்க வேணாம் போலருக்கே" என்றேன்.

"நடக்கணும்னு யாரு சொன்னா? நிக்கணும்னுதான் மொதலாளி சொன்னாரு."

அன்றைக்குத் திரும்பியதும் மூலையில் கிடந்த சட்டத்தைத் துடைத்து வெளியே எடுத்தேன். அப்படியே ஆகாது. தரைமேல் வைத்தால் அழுத்துகிற அழுத்துக்குச் சாய்ந்துவிடும். பலாக்கட்டையில் இரண்டு தூண் செய்து, பாரையை நடுவது போலவே அதையும் மண்ணில் நடுவது என்று முடிவு செய்தேன். முழங்காலுக்குப் பஞ்சு வைத்த பலகை, பின்புறத்துக்கு அகலப் பட்டை, வயிற்றுக்கு முன்னால் சாய்ந்துகொள்ள ஒரு குறுக்குக் கட்டை. பாரை வழக்கத்தைவிட ஒரு சாண் உயரம். பூட்ஸ் கிடையாது, வெறுங்கால், அடியில் நாலு மடிப்புப் பழஞ்சேலை. கணுக்காலை எதுவும் தொடாது. தலைக்கு மேலே ஒரு கயிறு. மரம் ஏறியவருக்குக் கயிறு போதும், தானே இழுத்து எழுந்துகொள்வார்.

சின்னையாவிடம் சொன்னபோது கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். "பொம்மை மாதிரி நட்டு வைக்கப் போறீகளா?"

"பாரையையும் நட்டுத்தானே வைக்கிறீக. அது என்ன கொறஞ்சு போச்சு?" என்றாள் பழனியம்மா. அவர் முதல் முறையாகச் சிரித்தார்.

புண் ஆற ஐந்து வாரத்துக்கு மேல் ஆயிற்று. ஆறி, டாக்டர் சரி என்ற பிறகே சட்டத்தில் நிறுத்தினோம். முதலில் தலை சுற்றியது, கண் இருட்டியது. கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டினோம். இந்தத் தடவை நான் வலிக்கிறதா என்று கேட்கவில்லை. பஞ்சு வைத்த ஒவ்வோர் இடத்துக்கும் உடம்புக்கும் நடுவில் என் கையை வைத்துப் பார்த்தேன், பிறகு பழனியம்மாவும் வைத்துப் பார்த்தாள். இறக்கியதும் முழங்காலைப் பார்ப்போம். சிவந்திருந்தால் பதறாமல் பொறுத்திருக்க வேண்டும். சற்று நேரத்தில் சிவப்பு மறைந்தால் தோல் தாங்குகிறது. மறையாமல் நின்றால் அன்றைக்கு அதோடு சரி. அழுத்துகிறது என்று உடம்பு சொல்லாதவருக்கு நேரம்தான் சொல்ல வேண்டும். தோப்பில் கடிகாரம் ஏது? நாற்பது காய்க்கு ஒரு தடவை இறங்குவது என்று கணக்கு வைத்தோம். கையடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

வெட்டு நாள் வந்தது. நான் முதல் நாளே போய்த் தூணை நட்டுவிட்டேன். சின்னையாவை மாட்டு வண்டியில் கொண்டுவந்தார்கள். கயிற்றைப் பிடித்து எழும்பியதைப் பார்த்து, மரத்தடியில் நின்ற கூட்டாளிகளில் ஒருவர், "மாப்ளே, மேல ஏறிறாதே, எறங்க வழி தெரியாது" என்றார். சின்னையா, "ஒன்னைய மாதிரி பாதி மரத்துல நின்னு யோசிக்கிறவனா நான்" என்றார். பட்டையை மாட்டினேன். முதல் காய் நழுவி ஓடியது. இரண்டாவது பாதி பிளந்து நின்றது. மூன்றாவது காயில் மட்டை விட்டுக்கொடுத்த சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு அவர் யாரையும் பார்க்கவில்லை.

கணக்கப்பிள்ளை குடையை ஊன்றிக்கொண்டு தள்ளி நின்றார். முதலாளியும் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பழனியம்மா காயை எடுத்துக் கொடுத்து எண்ணிக்கொண்டிருந்தாள்.

"நாப்பது" என்றாள்.

சின்னையா கையை நீட்டினார். "இன்னும் பத்து. கை இப்பத்தான் சூடாயிருக்கு."

"நல்லாத்தானே நிக்கிறான், விடுங்க மேஸ்திரி" என்றார் கணக்கப்பிள்ளை.

முதலாளி பார்த்துக்கொண்டிருக்கிறார். மற்றவர்கள் யாரும் இறங்கவில்லை. இப்போது இறக்கினால் இந்த ஆள் ஆகாது என்று எழுந்து போய்விடலாம். பழனியம்மா நாற்பத்தொன்றாம் காயையும் கொடுத்துவிடுவாளோ என்று அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் கையிலிருந்த காயைக் கீழே வைத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். நான் பட்டையை அவிழ்த்தேன்.

"மேஸ்திரி" என்றார் சின்னையா, பல்லைக் கடித்துக்கொண்டு.

"கயித்தைப் புடிங்க. எறங்குங்க."

இறங்கிப் பாயில் உட்கார்ந்தார். வேட்டியை விலக்கினேன். இரண்டு முழங்காலும் சிவந்திருந்தன. முதலாளி நாற்காலியிலிருந்து எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். "என்ன பாக்குறீங்க?" என்றார்.

"இந்தச் செவப்பு போனா மறுபடி நிப்பாருங்க. போகலேன்னா இன்னைக்கு அம்புட்டுத்தான்."

பொய் சொல்லியிருக்கலாம். ஓய்வு கொடுக்கிறோம் என்று சொன்னாலே போதும். ஆனால் நாளைக்கு நான் அங்கே இருக்க மாட்டேன். பார்க்க வேண்டியவர்கள் அவர்கள்தான். ஏன் இறக்குகிறோம் என்று தெரியாமல் வேலை கொடுத்தால், ஒரு நாள் அவசரத்தில் இறக்காமல் விட்டுவிடுவார்கள்.

நாலு பேர் ஒரு மனிதனின் முழங்காலைச் சுற்றி நின்றோம். இடது பக்கம் முதலில் வெளுத்தது. வலது பக்கம் அப்படியே இருந்தது. உரிக்கிறவர்கள்கூட நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். சின்னையா பார்க்கவில்லை, தென்னை உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பழனியம்மா விரலால் மெதுவாக அமுக்கி எடுத்தாள். விரல் பட்ட இடம் வெள்ளையாகி, திரும்பவும் சிவந்தது. மறுபடி அமுக்கினாள். கொஞ்சம் பொறுத்து அந்தச் சிவப்பு ஓரத்திலிருந்து கரைய ஆரம்பித்தது.

"போகுது" என்றாள்.

முதலாளி நாற்காலிக்குத் திரும்பிப் போனார். போகும்போதே கணக்கப்பிள்ளையிடம், "நாப்பதுக்கு ஒரு தடவை எறக்கணும்னு ஆளுகளுக்குச் சொல்லி வையி" என்றார். அவ்வளவுதான். வேலை கிடைத்துவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. சின்னையா கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

அந்தக் காலிபரை அவர் பிறகு கேட்கவே இல்லை. வீட்டுக்குள் தரையில் கையூன்றி நகர்ந்தே எல்லாம் செய்துகொண்டார். நீட்டிய காலோடு இரும்பு போட்டவன் பாயில் எப்படி உட்காருவான், பந்தியில் எப்படிச் சாப்பிடுவான் என்று நான் யோசித்திருந்தால் அதை அப்போதே தெரிந்துகொண்டிருப்பேன். அதற்காகக் காலிபர் கூடாது என்று சொல்லவில்லை. பின்னாளில் எத்தனையோ பேருக்குச் செய்தேன், நடந்தார்கள், சந்தோஷமாக இருந்தார்கள். ஆனால் நாடாவைப் பிரிக்கும் முன்னால் கேட்க ஆரம்பித்தேன். காலையில் எழுந்ததிலிருந்து என்ன செய்வீர்கள், எங்கே உட்காருவீர்கள், உங்கள் கைக்கு என்ன வேலை. நேரம் பிடிக்கும். வாசலில் ஆட்கள் காத்திருப்பார்கள். கேளுங்கள்.

அந்த வெட்டு நாள் மத்தியானம் தோப்பிலிருந்து புறப்படும்போது பழனியம்மா உரித்த தேங்காய் ஒன்றை என் பையில் போட்டாள். ஆஸ்பத்திரிக்குத் திரும்பியபோது சாப்பாட்டு நேரம், கொட்டகையில் யாரும் இல்லை. தேங்காயைப் பெஞ்சின்மேல் வைத்தேன். டாக்டரிடம் சாவி வாங்கிவந்து பெட்டியைத் திறந்தேன். சின்னையாவும் நானும் ஏறக்குறைய ஒரே உயரம். இடுப்புப் பட்டையைக் கட்டி, காலிபர் இரண்டையும் மாட்டி, பூட்ஸ் கயிற்றை இறுக்கினேன். முழங்கால் பூட்டுகளைப் போட்டுக்கொண்டு, கக்கத்தில் கட்டைகளை வைத்து எழுந்தேன். பெஞ்சுவரை நடந்து, தேங்காயை எடுக்க வலது கையை விட்டேன். தேங்காய் கைக்கு வந்தது. கட்டை தரையில் விழுந்து சுவர் ஓரத்துக்குச் சறுக்கிப் போனது. அதை எடுக்கக் குனிய வேண்டும், இடுப்புப் பட்டை விடவில்லை. பூட்டைத் திறந்திருந்தால் உட்கார்ந்திருக்கலாம். எனக்கென்ன, காலும் இருந்தது, உணர்ச்சியும் இருந்தது. திறக்காமல், தேங்காயைப் பிடித்துக்கொண்டு, உள் கணுக்கால் வலிக்க ஆரம்பிக்கிறவரை அப்படியே நின்றேன்.